கடைசி அட்டையில் தண்ணீர்

1

போன வாரம் எங்கள் பள்ளிச் செய்திமடலில் என் படம் வந்தது. பெர்த் நகரத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிற அரசுத் தொடக்கப் பள்ளி. அங்கே நான் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு உதவியாளர். பத்து வருடம் முடிந்துவிட்டது என்பதற்காகக் கேக் வெட்டினார்கள். 'நம் சுமதி, இந்தியாவில் தன் ஊர் ஆசிரியர்களுக்கும் நம் முறைகளைக் கொண்டு சேர்த்திருக்கிறார்' என்று தலைமை ஆசிரியை நான்கு வரி எழுதியிருந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன், உள்ளுக்குள் பயம்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. விக்கிரமங்கலத்திலிருந்து அரியலூருக்குக் கல்லூரி போன காலத்தில், பஸ் ஏறியதும் முதலில் டிரைவரின் கண்ணைப் பார்ப்பேன், தூக்கக் கலக்கம் இருக்கிறதா என்று. சந்தேகமாக இருந்தால் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். "பயப்படறதுக்கு ஒரு டிகிரி குடுத்தா அதுல நீதான் பர்ஸ்ட் கிளாஸ்" என்பார் என் வீட்டுக்காரர். அவர் இரும்புத்தாதுச் சுரங்கத்தில் ஃபிட்டர், இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு. அந்த ஒரு வாரத்தில் என் பயங்களைக் கேட்டு முடிக்கவே அவருக்கு நேரம் சரியாக இருக்கும்.

ஆனால் இது அந்த மாதிரிப் பயம் இல்லை. இதை வாசிக்கிறவர்களில் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து ஆசிரியர்கள் இருப்பீர்கள். நான் தயாரித்த ஒரு கையேடு உங்கள் போனில் இருக்கலாம். 'எல்லாப் பிள்ளைக்கும் ஓர் இடம்' என்று மேலே போட்டிருக்கும். அதன் ஒன்பதாம் பக்கத்தால் ஒரு பிள்ளை செத்துப்போகலாம். இதை வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எப்படி என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

2

என் வகுப்பில் எமிலி என்று ஒரு குழந்தை. ஏழு வயது, ஆட்டிசம். பேச்சு வராது. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரியாவிட்டால் அவளுக்கு உலகமே இடிந்துவிடும். தரையில் விழுந்து கத்துவாள், கையைக் கடித்துக்கொள்வாள். அவளுக்காகச் சுவரில் ஒரு பட்டை இருக்கிறது. அதில் வரிசையாகப் பட அட்டைகள். எழுத்து, பழம், கணக்கு, விளையாட்டு. செருப்பு வாரில் இருக்குமே, இழுத்தால் சர்ரக் என்று பிரியும் ஒட்டுப்பட்டை, அதை வைத்து ஒட்டியிருப்போம். ஒரு வேலை முடிந்ததும் எமிலி அடுத்த அட்டையைப் பிய்த்துக் கையில் எடுத்துக்கொள்வாள். அந்த வேலை நடக்கிற இடத்துக்கு அதைக் கொண்டுபோய், அங்கே இருக்கிற பட்டையில் ஒட்டுவாள். அட்டை, நடை, ஒட்டு. இது படிந்த பிறகு எமிலி அழுவதே குறைந்துபோயிற்று. கடைசி அட்டையில் அவளுக்கு உயிரான ஒன்று இருக்க வேண்டும், அதற்காகத்தான் மற்றதையெல்லாம் அவள் பொறுத்துக்கொள்வாள். எமிலிக்கு அது ஊஞ்சல்.

முதல் வருடம் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆங்கிலத்தில் பாடமாக ஒப்பித்துவிட்டுப் போவேன், பிள்ளை ஓடினால் வாயில் வருவது "அடியே, நில்லுடி" தான். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் 'நில்லுடி' என்று விரட்டினார்கள். ஒரு குழந்தை கால் தடுக்கி விழுந்தால் படிவம். விழப் பார்த்து விழாமல் இருந்தால் அதற்கும் ஒரு படிவம். 'அந்த நேரத்தில் பொறுப்பில் இருந்த பெரியவர் யார்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என் பெயரை எழுதுவதற்கு முன்னால் முழுப் படிவத்தையும் இரண்டு தடவை படிப்பேன்.

பள்ளியைச் சுற்றி ஆள் உயரத்துக்கு வேலி. வாசலில் கதவு, கதவின் கொக்கி பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டும். பத்து வருடமாக அந்தக் கொக்கியைத் தினமும் தூக்கி உள்ளே போகிறேன், தூக்கி வெளியே வருகிறேன். அது இருக்கிறது என்பதே ஒரு கட்டத்தில் என் கண்ணில் படாமல் போய்விட்டது.

3

என் தங்கை வசந்தி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. கல்லங்குறிச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். மொத்தமே இரண்டு ஆசிரியர்கள், அவளும் தலைமை ஆசிரியரும். போன வருடம் ஜூனில் அவளிடம் பவித்ரா வந்து சேர்ந்தாள். எட்டு வயது, பேச்சு இல்லை, எமிலியின் அதே சங்கதி.

பவித்ராவின் அம்மா செல்வி கூலிக்குப் பருத்தி எடுக்கவும் மக்காச்சோளம் ஒடிக்கவும் போகிறவள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். அது வரைக்கும் அவள் பிள்ளையை எப்படி வைத்திருந்தாள் என்றால், பழைய சேலையை நீளமாகக் கிழித்து ஒரு முனையை இடுப்பில் கட்டி, மறு முனையைக் கட்டில் காலில் கட்டிவிட்டுக் காட்டுக்குப் போவாள். பக்கத்தில் சோறும் தண்ணீரும். ஊருக்கே தெரியும். யாரும் தப்பாகப் பேசவில்லை, வேறு வழி யாருக்கும் தெரியவில்லை.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காக மட்டும் செல்வி நான்கு நாள் கூலியை விட்டுவிட்டு அரியலூர் கலெக்டர் ஆபீஸ் முகாமுக்கு அலைந்தாள். டாக்டர் "உன் பேரு என்னம்மா" என்று பிள்ளையிடமே கேட்டாராம். ஆதாருக்குக் கைரேகை வைக்க வேண்டும், பவித்ரா மூடிய கையைத் திறக்கமாட்டாள். "கையத் தொறக்கச் சொல்லும்மா" என்று மெஷின்காரர் கத்த, அவள் அதைவிடப் பெரிதாகக் கத்த, வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் செல்வியைத் திட்டியிருக்கிறார்கள்.

வசந்தி ஒருநாள் போனில் அழுதுவிட்டாள்.

"அக்கா, சிறப்பாசிரியர் வாரத்துல ஒருநாள் வராரு. நல்லவருதான், ஆனா அவருக்கு எத்தன ஸ்கூலு. மத்த நாளெல்லாம் நான்தான. இந்தப் புள்ள மேசைக்கு அடியில போயி உக்காந்துக்குது. தொட்டா கடிக்குது. எழுத வேணாம், படிக்க வேணாம், மத்தப் புள்ளைவளோட ஒரு மணி நேரம் உக்காந்தாப் போதும். நீ அங்க இந்த வேலதான செய்யுற. என்ன பண்ணணும்னு சொல்லுக்கா."

என்னிடம் யாரும் அதுவரை எதையும் கேட்டதில்லை. ஊரில் எல்லாருக்கும் நான் வெளிநாட்டில் ஏதோ ஆயா வேலை பார்க்கிறவள். வசந்தி கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன்.

4

ஒரு மாதம் எழுதினேன். என் மகள் தாரணிதான் அழகாகப் பக்கம் வடிவமைத்துக் கொடுத்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். "அம்மா, இந்தப் பொண்ணுக்கு அங்க ஹெல்ப்பரே கிடையாதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "வாவ்" என்று சொல்லிவிட்டு எழுத்தின் நிறத்தை மாற்றப் போய்விட்டாள். அவள் அங்கே போனது மொத்தம் மூன்று தடவை. அரியலூர் அவளுக்கு வெயிலும் கொசுவும் தெரியாத சொந்தக்காரர்களும்தான்.

கையேட்டில் எல்லாம் எழுதினேன். சத்தத்துக்குக் காதைப் பொத்துகிற பிள்ளையை எங்கே உட்கார வைப்பது, பென்சில் பிடிக்க முடியாத கைக்கு என்ன செய்வது, பக்கத்துப் பிள்ளைகளிடம் இவளைப் பற்றி எப்படிச் சொல்வது. எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுப்பது நியாயமில்லை, அவரவருக்கு வேண்டியதைக் கொடுப்பதுதான் நியாயம் என்று இங்கே பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை முதல் பக்கத்திலேயே போட்டேன். ஒன்பதாம் பக்கம் பட அட்டை. வரையாதீர்கள், உங்கள் ஊரிலேயே போட்டோ எடுங்கள் என்று எழுதினேன். அங்கேயும் அதே பழக்கத்தைத்தான் சொன்னேன், அட்டை, நடை, ஒட்டு. கடைசி அட்டையில் பிள்ளைக்கு உயிரான ஒன்றின் படம் இருக்கட்டும் என்றும் எழுதினேன்.

பவித்ராவுக்கு உயிர் எது என்று வசந்தி செல்வியைக் கேட்டாள். செல்வி யோசிக்கவே இல்லை. "தண்ணி டீச்சர்" என்றாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சோளக்காடு. அதைத் தாண்டி லாரிப் பாதை. அதையும் தாண்டினால் எந்தக் காலத்திலோ தோண்டி விட்டுவிட்டுப் போன சுண்ணாம்புக்கல் குழி. மழைத் தண்ணீர் தேங்கிப் பச்சையும் நீலமுமாகக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை செல்வி அங்கே துணி துவைப்பாள். பவித்ரா கரைக் கல்லில் உட்கார்ந்து, தண்ணீரில் வெயில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாளாம். அவள் கத்தாத நேரம் அது ஒன்றுதான்.

வசந்தி தன் போனில் அந்தத் தண்ணீரை வீடியோ எடுத்து வைத்துக்கொண்டாள். எல்லா அட்டையும் முடிந்தால் இரண்டு நிமிடம் வீடியோ காட்டுவதாக ஏற்பாடு. அட்டையில் ஒட்ட அதே இடத்தை ஒரு போட்டோவும் எடுத்து எனக்கு அனுப்பினாள். 'இது சரியாக்கா?'

நான் அதைப் பார்த்தேன். அழகாக இருந்தது. ஒரு இதயக்குறி போட்டு அனுப்பினேன். அதோடு விட்டேனா, கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் மாதிரி அட்டையாக அதையே போடச் சொன்னேன். தாரணி அதைப் பக்கம் முழுக்கப் பெரிதாக்கிப் போட்டாள்.

அட்டை வேலை செய்தது. பத்தே நாளில் பவித்ரா மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டாள். நான்கு அட்டை: பாட்டு, கட்டை அடுக்குவது, சாப்பாடு, தண்ணீர். அவள் சாப்பாட்டு அட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்கிற வீடியோ வந்தபோது நான் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். செல்வி சேலைத் துணியை அவிழ்த்து அடுப்பில் போட்டுவிட்டாள் என்று வசந்தி சொன்னாள். வட்டாரக் கூட்டத்தில் வசந்தி இதைப் பற்றிப் பேசினாள். மற்ற ஆசிரியர்கள் கேட்டார்கள். அவள் கையேட்டை வாட்சப் குழுவில் போட்டாள். என்னைக் கேட்டுவிட்டுத்தான் போட்டாள். தாராளமாகப் போடு என்றேன்.

5

அட்டை ஆரம்பித்து ஆறு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. எனக்கு மணி மூன்றே முக்கால், அங்கே ஒன்றேகால். பள்ளி முடிந்து காரில் ஏறி சாவி போடும்போது வசந்தியின் அழைப்பு.

"அக்கா, பவித்ராவக் காணும்க்கா."

அவள் ஓடிக்கொண்டே பேசினாள், மூச்சு வாங்கியது. மேலே ஏதோ ஆபீஸிலிருந்து, உடனே விவரம் ஏற்றச் சொல்லிச் செய்தி வந்திருக்கிறது. பள்ளிக்குள் நெட் கிடைக்காது. சாப்பாட்டு நேரத்தில் அவளும் தலைமை ஆசிரியரும் போனை எடுத்துக்கொண்டு முன்வாசல் வேப்பமரத்தடிக்குப் போயிருக்கிறார்கள். பத்து நிமிடம்தான். சத்துணவு அக்கா அண்டா கழுவிக்கொண்டிருந்திருக்கிறார்.

"கக்கூசு பாத்துட்டேன், சமையக்கட்டு பாத்துட்டேன், வூட்டுக்கு ஆள் அனுப்பிருக்கேன், அங்கயும் இல்லயாம்."

"வசந்தி, சுவத்துல அட்டை எத்தன இருக்கு?"

"என்னக்கா இப்பப் போயி..."

"எத்தன இருக்கு சொல்லு."

திரும்பி ஓடினாள். செருப்புச் சத்தம் கேட்டது. "எதும் இல்லக்கா. மூணு அட்ட அதது எடத்துல ஒட்டியிருக்கு. கடைசி ஒண்ணக் காணும்."

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சாப்பிட்டு முடித்திருக்கிறாள். அடுத்த அட்டையைப் பிய்த்திருக்கிறாள். தினமும் அந்த நேரத்தில் எதிரே வந்து நிற்கிற டீச்சரும் போனும் அன்றைக்கு இல்லை. அட்டையில் போனா இருந்தது? தண்ணீர் இருந்தது. அந்த இடம் அவளுக்குத் தெரியும். நடந்து போய் ஒட்ட வேண்டும், அப்படித்தான் ஆறு வாரமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அவள் எதையும் மீறவில்லை. எமிலியின் ஊஞ்சலும் வெளியேதான் இருக்கிறது, ஆனால் வேலிக்குள் இருக்கிறது. பவித்ராவின் பள்ளிக்கு வேலி இல்லை. சுற்றுச்சுவர் கேட்டு எழுதிய மனு எந்த மேசையிலோ கிடக்கிறது. இவ்வளவையும் என் தங்கை நூறு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

"குழிக்கு ஓடுடி" என்று கத்தினேன். "அந்தத் தண்ணிக்கு ஓடு!"

இணைப்பு அறுந்தது.

கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருந்தேன். பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எமிலி தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் கொக்கியைத் தூக்குகிற வரைக்கும் வேலிக்குள் நின்றாள். லாரிப் பாதையை நினைத்தேன். கல் ஏற்றிய டிப்பர் லாரி வரும்போது முன்னால் நிற்கிற பிள்ளை டிரைவருக்குத் தெரியாது. லாரியைத் தப்பினால் தண்ணீர். அந்தக் குழிகளுக்குச் சரிவு கிடையாது, ஓர் அடி வைத்தால் மூன்று ஆள் ஆழம். என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். வேலையில் இருந்தார் போலிருக்கிறது, எடுக்கவில்லை. எந்த சாமியைக் கூப்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை. எல்லாரையும் கூப்பிட்டேன்.

இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. வசந்தி அழைத்தாள். "இருக்காக்கா" என்று மட்டும் வந்தது.

ஆடு மேய்க்கிற ஒரு அம்மா பார்த்திருக்கிறார். பவித்ரா தண்ணீரின் விளிம்பில், துவைக்கிற கல்லின் மேல் குந்தியிருந்தாளாம். அட்டையை அந்தக் கல்லில் ஒட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லில் பட்டை இல்லை. அட்டை வழுக்கி விழும். எடுப்பாள், திருப்பிப் பார்ப்பாள், மறுபடி அழுத்துவாள். "என்னடி பண்ற இங்க ஒத்தையில" என்று அந்த அம்மா போய்க் கையைப் பிடிக்கிற வரைக்கும் அதையேதான் செய்துகொண்டிருந்திருக்கிறாள். ஒட்டிய பிறகுதான் தண்ணீருக்குள் போக வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. அட்டை மட்டும் ஒருமுறை தண்ணீர்ப் பக்கமாக வழுக்கியிருந்தால், எடுக்க இறங்கியிருப்பாள்.

நான் அரை மணி நேரம் கார் ஓட்டவில்லை.

6

மறுநாள் செல்வி பள்ளிக்கு வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று வசந்தி நினைத்திருக்கிறாள். செல்வி திட்டக்கூட இல்லை.

"புள்ள நீங்க காட்டுனதத்தான டீச்சர் செஞ்சிருக்கு" என்றாளாம். "எட்டு வருசத்துல நான் ஒரு வார்த்த சொல்லி அது கேட்டதில்ல. நீங்க காட்டுனதக் கேட்டிருக்கு. அதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு."

இதைக் கேட்டதிலிருந்து எனக்கும் அதே பயம்தான். சொல் பேச்சுக் கேட்காத பிள்ளையை நினைத்து நாம் பயப்படுவோம். பவித்ரா சொன்னதை அப்படியே செய்கிறாள். சொல்கிறவள் நான். நாலாயிரம் மைலுக்கு அப்பால் வேலிக்குள் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன்.

தலைமை ஆசிரியர் கெட்டவர் இல்லை, அவரும் என்னைப் போலப் பயந்தவர். "வீட்டுவழிக் கல்வின்னு எழுதி வூட்டோட அனுப்பிடலாம்மா, வாரம் ஒருநாள் ஆள் போயிப் பாத்துக்குவாங்க" என்றார். வீட்டோடு என்றால் என்ன என்று செல்விக்குத் தெரியும். வேறொரு சேலையைக் கிழிக்க வேண்டும். "கட்டில் கால்ல திரும்பக் கட்ட மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு வேலைக்குப் போகாமல் பள்ளி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். மறுநாளும் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஊர்க்காரர்கள் பதினைந்து பேர் அரிவாளோடு வந்து சீமைக்கருவேல முள்ளை வெட்டி, பள்ளியைச் சுற்றி அடைத்தார்கள். வாசலுக்கு மூங்கிலும் முள்ளும் வைத்து ஒரு படல் கட்டினார்கள். உள்ளேயிருந்து தூக்கித்தான் நகர்த்த வேண்டும், பிள்ளைகளால் முடியாது. ஒரே நாளில் முடிந்துவிட்டது. என் கையேட்டில் இருபத்தாறு பக்கம். அதில் ஒரு வரிகூட இந்தப் படலைப் பற்றி இல்லை.

பவித்ராவின் கடைசி அட்டையை மாற்றினோம். இப்போது அதில் ஒரு நீல பிளாஸ்டிக் டப்பின் படம். டப் வகுப்பறை மூலையில் ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. நான்கு விரல் உயரம் தண்ணீர், வெயில் பட்டால் ஆடும். பழைய படம் போனதற்குப் பதினோரு நாள் கத்தினாள், வசந்தியின் கையில் இரண்டு இடத்தில் பல் பதிந்தது. பிறகு டப்பைப் பார்க்க ஆரம்பித்தாள். அந்த நான்கு விரல் தண்ணீரைப் பற்றியும் எனக்குப் பயம்தான், பக்கத்தில் ஆள் இல்லாமல் வைக்காதே என்று வாரம் இரண்டு தடவை சொல்கிறேன். "சரிக்கா, சரிக்கா" என்கிறாள்.

"நீ ஒண்ணும் தப்புப் பண்ணலம்மா, ஹெல்ப்தான் பண்ணினே" என்று தாரணி என் தோளைத் தட்டினாள். அவள் பள்ளியில் மன நலத்துக்கு ஒரு வகுப்பு உண்டு. அங்கே சொல்லித்தந்த மாதிரியே தட்டினாள். அவளிடம் ஒன்பதாம் பக்கத்தை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னேன். இடத்தின் படத்தைப் போடாதீர்கள். வகுப்புக்குள் இருப்பதை மட்டும் போடுங்கள். வாசல் அடைபடாத பள்ளியில், நடந்து போய் ஒட்டுகிற அட்டையை ஆரம்பிக்கவே வேண்டாம். பெரிய சிவப்பு எழுத்தில் எழுதி வசந்தி மூலமாகக் குழுவில் போட்டோம்.

இருபது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஆனால் பழையது அதற்குள் குழுவை விட்டு வெளியே போய்விட்டது. அந்தக் குழுவிலிருந்து இன்னொரு குழு, அரியலூரிலிருந்து பெரம்பலூர். அழகான படம் இருக்கிற பழையது நடந்துகொண்டே இருக்கிறது. சிவப்பு எழுத்துள்ள புதியதை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை.

7

போன திங்கட்கிழமை, செய்திமடல் வந்த நான்காம் நாள், வேலை முடிந்து வீட்டுக்கு வந்து காபி போட்டுக்கொண்டிருந்தேன். மணி நாலேகால். தெரியாத எண்ணிலிருந்து ஒரு படமும் செய்தியும். எழுதியவர் மைதிலி என்கிற ஆசிரியை. பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போகிற ஊராம், கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த என் எண்ணைப் பார்த்து அனுப்பியிருக்கிறார். 'மேடம், எங்க அபிக்கு ரெண்டு மாசமா உங்க அட்டைதான். இப்ப அழுகையே இல்ல. ரொம்ப நன்றி.' படத்தில் சுவரோரப் பட்டையில் மூன்று அட்டை. தாரணி எட்டிப் பார்த்து "க்யூட்" என்றாள்.

கடைசி அட்டையில் பம்புசெட் தண்ணீர் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தது. விரலால் பெரிதாக்கினேன். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் தரையோடு தரையாக வட்டமாக ஒரு கறுப்பு. அதைச் சுற்றிச் சுவர் இல்லை.

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, தாரணி ஓடி வந்து அணைத்தாள். அங்கே மணி ஒன்றே முக்கால், சாப்பாடு முடிந்திருக்கும். நான்காவது தடவை எடுத்தார். சின்னப் பெண்ணின் குரல்.

"மேடமா? வெளிநாட்டு நம்பர்னு எடுக்கப் பயந்துட்டேன் மேடம்."

"டீச்சர், அபி எங்க இருக்கா?"

"இங்கதான் மேடம், கிளாஸ்ல."

"கண்ணால பாக்குறீங்களா?"

"பாக்குறேனே. சுவத்துக்கிட்ட நின்னு அட்டையத் தடவிக்கிட்டு இருக்கா. ஏன் மேடம்?"

"அந்த மோட்டார் கொட்டா எவ்வளவு தூரம்?"

"பக்கம்தான், அவங்க தாத்தா கொல்ல. ரெண்டு வரப்பு தாண்டுனா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார்.

"கிணத்துக்குச் சுவர் இருக்கா டீச்சர்?"

"இல்லைங்க மேடம்."

"அந்த அட்டைய எடுத்துடுங்க."

"சரிங்க மேடம், சாயங்காலம் அவ போனதும்..."

"இப்ப எடுங்க. நான் லைன்ல இருக்கேன்."

"இப்ப எடுத்தா அழுவா மேடம்" என்றார். "தலையக் கொண்டுபோயி சுவத்துல முட்டிப்பா. ரெண்டு மாசமா இப்பத்தான் முட்டாம இருக்கா."

எனக்குத் தெரியும். இந்த வேலையில் முதல் நாள் முதல் மணி நேரத்தில் சொல்லிக்கொடுப்பது, இப்படிப்பட்ட பிள்ளையிடமிருந்து பிடித்ததைச் சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்காதே என்பதுதான். பத்து வருடத்தில் நான் ஒரு தடவைகூட அதை மீறியதில்லை. மற்றவர்கள் மீறினால் போய்ச் சண்டை போட்டிருக்கிறேன்.

"அழட்டும் டீச்சர்" என்றேன். "சுவத்துக்கும் தலைக்கும் நடுவுல உங்க கைய வைங்க. எடுத்துடுங்க."

காலடிச் சத்தம் கேட்டது. சர்ரக் என்று அட்டை பிரிந்தது. அடுத்த நொடி அந்தப் பிள்ளை அலறினாள்.

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். "யாரும்மா அது, என்னாச்சு" என்று தாரணி கேட்டாள். கையைக் காட்டி அவளைச் சும்மா இருக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் அபி நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தாள். வகுப்புக்குள் இருந்துதான் கத்தினாள். அவள் கத்தக் கத்த எனக்கு மூச்சு வந்தது.